வளர்ந்த நாய்க்கு அடைக்கலம்

திருச்சிற்றம்பலம்

உயிர்களிடத்து இரக்கம் வேண்டும் என்பதனை மறுப்பார் நம்முள் ஒருவரும் இலர். ஆயின், அவ்விரக்கம் எவ்வுயிர்மேல், எவ்வாறு, எத்துணை நாள் செல்லுதல் வேண்டும் என்னும் வினா எழுங்கால் நம்மிற் பலர் வாய்வாளாதிருக்கின்றனர். பொதுவகையாற் பேசுதல் எளிது. ஓருயிர் எதிரே நின்று நம் முகத்தை நோக்குங்கால் விடை கூறுதல் அரிது. அத்தகைய வினா ஒன்று சென்ற ஆண்டு எம் இல்லத்தே எழுந்தது. அது சிறிய வினாவேயாயினும் நூலுணர்ச்சியுடையார் சிந்தித்தற்குரிய பொருள்கள் சிலவற்றைத் தன்னகத்தே கொண்டிருத்தலின், அதனை அன்பர்கள் முன்னிலையில் வைக்கத் துணிந்தேன்.

வினா இதுவே. இல்லத்தில் நாயொன்று வளர்க்கக் கருதுவார், பிறந்து இரண்டு திங்களேயான குட்டியைக் கொள்ளுதல் தக்கதோ? அன்றி, ஒருகாற் பிறரால் வளர்க்கப்பட்டுப் பின்னர்க் கைவிடப்பட்டுக் காப்பகத்தே கிடக்கும் வளர்ந்த நாயை ஏற்றல் தக்கதோ?

சைவத் திங்களிதழில் நாயைப் பற்றிய ஆராய்ச்சி எற்றுக்கு என ஒரு சிலர் முகஞ்சுளித்தலுங் கூடும். பைரவக் கடவுளுக்கு ஊர்தியாய் நிற்பது நாய். கண்ணப்பர் வேட்டைக்கு எழுந்த ஞான்று அவருடன் சென்றன நாய்கள். சோமாசிமாற நாயனாரது வேள்விக்கு ஆரூரிறைவன் புலையர் கோலத்தில் எழுந்தருளியபோது நான்மறைகளும் நாய்களாய் உடன்வந்தன எனத் தலவரலாறு கூறும். கல்வெட்டும் இதற்குச் சான்று பகரும். திருவண்ணாமலை மாவட்டத்து எடுத்தனூரில் முதலாம் மகேந்திரவர்மன் காலத்து நடுகல் ஒன்று உளது. எருமை நிரையைக் காத்து மடிந்த கருந்தேவக்கத்தி என்னும் வீரன் உருவத்தோடு அவன் நாயின் உருவமும் அதிற் செதுக்கப்பட்டுள்ளது. அந்நாய் கள்வரைக் கடித்துக் காத்துநின்ற செய்தியும், கோவிவன் எனப் படிக்கப்படும் அதன் பெயரும் அதன்கண் பொறிக்கப்பட்டுள்ளன. ஆயிரத்து நானூறு ஆண்டுகட்கு முன் ஒரு நாயின் பெயரைக் கல்லில் எழுதி வைத்த நம் முன்னோர்க்கு இவ்வாராய்ச்சி இழிவாய்த் தோன்றியிராது.

இனி, வினா எழுந்த வரலாற்றைச் சுருங்கக் கூறுவேன். யான் மடத்துப் பாடசாலையிற் பயின்று, பள்ளிகளில் தமிழாசிரியனாய் இருந்து ஓய்வு பெற்றவன், அகவை அறுபத்தேழு. மகளும் மருமகனும் பேத்தியும் எம்முடன் கும்பகோணத்தில் வாழ்கின்றனர். பத்து அகவையளாகிய பேத்தி நாய்க்குட்டி வேண்டுமென்று நெடுநாள் கேட்டு வந்தாள். அயல்நாட்டு இனத்துக் குட்டியொன்றுக்கு விலையும் பேசியாயிற்று. அவ்வமயத்தில் எந்தையார் திதிநாள் வந்தது. அன்று ஆதரவற்ற விலங்குகளைப் பேணும் காப்பகம் ஒன்றிற்கு அரிசி மூட்டை இரண்டு கொடுக்கக் கருதிப் பேத்தியையும் உடன்கொண்டு சென்றேன்.

அங்கே குட்டிகள் அடைத்திருந்த கூட்டின்முன் ஒரு கூட்டம் நின்றது. அதனைக் கடந்து சென்றால், வளர்ந்த நாய்கள் வரிசையாகக் கிடந்தன. அவற்றுள் ஒன்று, செம்மையுங் கருமையுங் கலந்த நிறத்தது, ஐந்து அகவைப் பெட்டை, எம்மைக் கண்டு எழவுமில்லை, குரைக்கவுமில்லை. கண்ணை மட்டும் திறந்து பார்த்துவிட்டு மீண்டும் மூடிக்கொண்டது. அதன் வரலாற்றை வினவினேன். "வீடு மாறிச் சென்றவர்கள் வாயிற் கம்பியிற் கட்டிவிட்டுப் போய்விட்டார்கள், ஐயா. இங்கு வந்து பதினான்கு மாதம் ஆகின்றது. முதலில் யார் வந்தாலும் எழுந்து ஓடி வரும். இப்போது எழுவதில்லை" என்றார் அங்கிருந்த பணியாளர். பேத்தி என் கையைப் பற்றி, "தாத்தா, இதனை யாரும் கேட்க மாட்டார்களா?" என்றாள். யான் விடை கூறவில்லை. அன்றிரவு உறக்கமும் வரவில்லை.

மறுநாள் இல்லத்தில் இதுபற்றிப் பேச்செழுந்தது. அங்கு எழுந்த தடைகள் எல்லாம் ஏற்றுக்கொள்ளத்தக்க காரணமுடையனவே. அவற்றைக் குறைத்துக் கூறாது இங்கே நிரல்பட வைக்கின்றேன். ஒன்று: குட்டியே பயிற்சிக்கு ஏற்றது, வளர்ந்ததன் இயல்பு திருந்தாது. இரண்டு: வளர்ந்த நாயின் முன்வரலாறு அறியப்படாமையின் அது கடித்தலுங் கூடும், இல்லத்திற் குழந்தை உண்டு. மூன்று: கையால் எடுத்து வளர்த்த குட்டிக்கே நம்பால் அன்பு உண்டாம், பிறர் வளர்த்தது பிறரையே நினைத்திருக்கும். நான்கு: வளர்ந்ததன் வாழ்நாட் குறைவாதலின் பிரிவுத் துன்பம் விரைந்து வரும்.

முதற்றடைக்கு விடை கூறுவாம். குட்டியின் இளம்பருவம் மிக இன்றியமையாதது என்பது உண்மையே. சுகாட்டு, புல்லர் என்னும் அமெரிக்க அறிஞர் இருவர் பல்லாண்டு நாய்களை ஆராய்ந்து 1965-ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில், பிறந்த மூன்றாம் கிழமை தொடங்கிப் பன்னிரண்டாம் கிழமை ஈறாக உள்ள காலத்தில் நாய் எவற்றோடு பழகுகின்றதோ அவற்றையே தன் உறவாகக் கொள்ளும் என்று காட்டினர். ஆயின், அக்காலத்திற் பெரும்பகுதி, விலைக்கு வாங்குவார் கைக்குக் குட்டி வருமுன்னரே கழிந்துவிடுகின்றது. எட்டுக் கிழமை நிரம்பாத குட்டியை விற்றலாகாது என்று 2017-ஆம் ஆண்டு விதிகள் கூறுதலும், தாயோடும் உடன்பிறந்தவற்றோடும் அது பெறவேண்டிய பழக்கம் கெடாதிருத்தற்பொருட்டேயாம். ஆகவே, நாம் வாங்குங் குட்டியும் எழுதாத ஓலை அன்று. அதன்மேல் விற்றவன் எழுதியதும் தாய் எழுதியதும் முன்னரே உள. வளர்ந்த நாயோ தன் அளவு, குரல், சினம், பொறுமை முதலியவற்றை மறையாது காட்டி நிற்கின்றது. பால்பற்கள் இருபத்தெட்டும் விழுந்து நாற்பத்திரண்டு பற்களும் முளைத்துவிட்டமையின், செருப்பையும் சுவடியையும் கடித்துக் குதறும் பருவமுங் கழிந்தது. சிறுநீர் கழித்தற்குரிய இடத்தையும் அது விரைவிற் கற்றுக்கொள்கின்றது.

இனி, சித்தாந்த நெறியினார்க்கு எழுதாத ஓலை என்பதொன்று உண்டோ? உயிர் அனாதி, அதனைப் பற்றிய மலமும் அனாதி. தொட்டிலிற் கிடக்கும் மகவும் முன்னை வினையின் சுமையோடே வருகின்றது என்று கூறும் நாம், ஒரு குட்டியைக் கண்டு, 'இது வெறுமை. இதனை யாம் விரும்பியவாறு ஆக்குவேம்' என எண்ணுதல் நம் கொள்கைக்கே மாறாகும். சார்ந்ததன் வண்ணமாதல் உயிர்க்கு இயல்பு என்பதனைக் காட்டி, 'ஆதலாற்றான் குட்டியைக் கொள்ளுதல் வேண்டும்; அது நம்மைச் சார்ந்து நம் வண்ணமாம்' என்பாரும் உளர். அவ்வியல்பு இளமையில் உளதாய் முதுமையில் அழிவதோர் இயல்பு அன்று. அங்ஙனம் அழிவதாயின், பலபிறவி எடுத்து மலத்தைச் சார்ந்து மலத்தின் வண்ணமாய் நின்ற நமக்கு, திருவருளைச் சார்ந்து அதன் வண்ணமாதல் யாங்ஙனங் கைகூடும்? வளர்ந்தது திருந்தாது என்று துணிதல், நம் வீடுபேற்றின் வாயிலை நாமே அடைத்தலாய் முடியும்.

இதற்கு மெய்கண்டார் தந்த எடுத்துக்காட்டே போதிய சான்று. சிவஞானபோதத்து எட்டாஞ் சூத்திரத்தில் வரும் அரசிளங்குமரனை நினைமின். அவன் வேடரிடை வளர்ந்து, தன்னையும் வேடனாகவே எண்ணி மயங்கியிருந்தவன். தந்தை அவனைக் குழவிப் பருவத்தில் மீட்டதாக ஆசிரியர் கூறிற்றிலர். வேடர் பழக்கமெல்லாம் ஊறிய பின்னரே, 'நீ இவர்க்கு உரியை அல்லை. எமக்கு உரியை' என்று உணர்த்தப்படுகின்றான். மீட்சி என்பது எப்பொழுதும் காலந்தாழ்த்தே வருகின்றது. பிறர்கையிற் பட்டுத் தம்மை மறந்தவற்றின்மேலே வருகின்றது. அவ்வாறு மீட்கப்படுதற்கு விழையும் நாம், மீட்கப்பட வேண்டிய மற்றோர் உயிரை, 'நீ பிறர் வளர்த்தது' என்று விலக்குதல் எங்ஙனம் பொருந்தும்?

இரண்டாந்தடை அறிவோடு கூடியது. அதனை இகழ்ந்து செல்லலாகாது. அருள் வேறு, அறியாமை வேறு. கைவிடப்பட்ட நாய்கள் எல்லாம் எல்லா இல்லங்கட்கும் பொருந்துவன அல்ல. அச்சம் மிகுந்த சில, சிறு குழந்தைகளுள்ள வீட்டிற்கு ஆகா. அதனால் யாம் அந்நாயைக் கண்டவுடன் அழைத்து வரவில்லை. நான்கு முறை சென்று, பேத்தியோடு இருக்கும்போதும் உண்ணும்போதும் பிற நாய்களைக் காணும்போதும் அஃது எவ்வாறு நடக்கின்றது என்று நோக்கினோம். கால்நடை மருத்துவர் வெறிநோய்த் தடுப்பூசியும் பிற ஊசிகளும் இட்டார். கருத்தடை அறுவையும் காப்பகத்தே முடிந்திருந்தது. வெறிநாய்க்கடி நோய் குறிகள் தோன்றியபின் ஏறத்தாழத் தப்பாது உயிரைக் கொள்வது. 1885-இல் பாஸ்டர் அதற்குரிய ஊசியை முதன்முதல் மனிதர்க்கு இட்டார். 1907-இல் நம் குன்னூரிலும் அவர் பெயரால் நிலையம் நிறுவப்பட்டது. ஆண்டுதோறும் நாய்க்கு ஊசியிடுதலும், எந்த நாய் கடிப்பினும் புண்ணை வழலையிட்டுப் பதினைந்து நிமிடம் ஓடுநீரிற் கழுவி உடனே மருத்துவரிடஞ் செல்லுதலும், நாய் வளர்ப்பார் வளராதார் அனைவரும் அறிதற்குரியன. குட்டியாயினும் இக்கடமைகள் நீங்கா, அதற்கும் பல்லுண்டு.

மூன்றாந்தடையே இவ்வாராய்ச்சியின் உயிர்நிலை. இதற்கு விடை திருவள்ளுவர் நூலமைப்பிற் கிடைக்கின்றது. அன்புடைமையை எட்டாம் அதிகாரமாக இல்லறவியலில் வைத்த அவர், அருளுடைமையை இருபத்தைந்தாம் அதிகாரமாகத் துறவறவியலில் வைத்தார். தொடர்புடையார்மேற் செல்லுவது அன்பு எனவும், தொடர்பு நோக்காது எல்லா உயிர்கள்மேலும் இயல்பாகச் செல்லுவது அருள் எனவும் பரிமேலழகர் வேறுபாடு உணர்த்தினார். குட்டியை எடுத்து வளர்த்து, அஃது என் கையால் உண்டது, என் குரலையே அறிந்தது, ஆதலின் என்னுடையது என்று மகிழ்தல் அன்பேயாம், குற்றமன்று. ஆயின், அது தொடர்பை நாமே ஆக்கிக்கொண்டு அதன்மேற் செலுத்துவது. வளர்ந்த நாயோ நம்மோடு ஒரு தொடர்பும் இல்லாதது, பிறர் சோறுண்டது, பிறரிட்ட பெயர்க்குச் செவி சாய்த்தது, இன்றும் யாரையோ எதிர்பார்த்திருப்பது. அதற்கு இடந்தருங்கால் நாம் முதலிற் பெறுவது ஒன்றுமில்லை. பெறுவதொன்றும் இல்லாதவிடத்துச் செல்லும் இரக்கமே அருளுக்கு அணித்தாயது. இல்லறத்தானுக்கு அருள் எற்றுக்கு எனின், அன்பு முதிர்ந்து அருளாதற்கு அவன் பயிலுமிடம் வேறில்லை என்க.

நான்காந்தடை என் அகவையை நோக்க எனக்குச் சிரிப்பையே விளைத்தது. நாயின் வாழ்நாள் பத்து முதல் பதின்மூன்று ஆண்டு என்பர். அறுபத்தேழில் யான் வாங்குங் குட்டி முதுமை அடையுங்கால் எனக்கு எண்பதாகும். அப்போது அதனை நடத்திச் செல்பவர் யார்? பிரிவுத் துன்பத்தினின்று என்னைக் காத்தற்பொருட்டு, என் பிரிவுத் துன்பத்தை அதற்கு வைத்துச் செல்லுதல் அறமாகுமோ? காப்பகங்களில் முதியோர் மறைவால் அங்கு வந்து சேர்ந்த நாய்களும் உள என்று அறிந்தேன். வாழ்நாட் குறைவு என்று சொல்லித் தள்ளப்படும் உயிர்க்கே எஞ்சிய நாள் அருமையுடையதாகும்.

இங்ஙனம் விடைகூறி ஒருவாறு அனைவரும் உடன்பட, அந்நாய் எம் இல்லம் புகுந்தது. இதுவரை யான் எழுதியவை ஏட்டறிவு. இனி எழுதுவது யான் நாணுதற்குரியது. ஆயினும் அதனை மறைத்துவிட்டு இக்கட்டுரையை வெளியிடுதல் நேர்மையன்று.

முதன் மூன்று நாளும் அது வாயில்நடையை விட்டு உள்ளே வரவில்லை. இரவில் மட்டும் உண்டது. மூன்று கிழமை சென்றபின் திண்ணையிலே என் நாற்காலியருகிற் படுக்கத் தொடங்கியது. ஒருநாட் காலை, வழிபாட்டிற்குரிய தேங்காயும் பழமும் வைத்த தட்டைத் திண்ணையிலே வைத்துவிட்டுக் கால் கழுவச் சென்றேன். மீண்டு வருங்கால் அது தட்டில் வாய் வைத்திருந்தது. எனக்குச் சினம் மூண்டது. கையிலிருந்த குடையை ஓங்கி, "சீ, நாயே!" என்று உரக்கக் கத்தினேன். அது ஓடவில்லை. உடலை நிலத்தோடு ஒட்டிக்கொண்டு ஊர்ந்து என் காலடிக்கு வந்து, நடுங்கிக்கொண்டே வயிற்றை மேலே காட்டிக் கிடந்தது. அதன்கீழ்ச் சிறுநீர் பரவிற்று. ஓங்கிய கோலுக்கு இவ்வாறு கிடத்தலே தக்கது என்று எவரோ, எங்கேயோ, பலமுறை அடித்து அதற்குக் கற்பித்திருக்கின்றனர்.

குடையைக் கீழே வைத்தேன். வேறு தட்டு அமைத்து வழிபாட்டில் அமர்ந்தேன். நாள்தோறும் இறைவன்முன் என்னை நாயேன் என்றும், நாயினுங் கடையேன் என்றும் கூறிக்கொள்ளும் வழக்கம் எனக்கு ஐம்பது ஆண்டாக உண்டு. அன்று அச்சொல் நாவில் எழவில்லை. சிறிது முன்னர் அதே சொல்லை வசையாகக் கூறிய வாய் அது. பணிவின்பொருட்டு யான் மேற்கொண்ட பெயரை உண்மையில் உடையது திண்ணையில் நடுங்கிக் கிடந்தது. தன் பிழைக்கு அஞ்சி, ஓங்கிய கையின் கீழேயே அடைக்கலம் புகுந்தது. யான் ஒருநாளேனும் அவ்வாறு இறைவன் திருவடிக்கீழ்க் கிடந்ததுண்டோ? தூய்மை குறித்து அஞ்சிய என்பால் தூய்மை எவ்விடத்து இருந்தது? அன்று முதல் வழிபாட்டுப் பொருளைத் திண்ணையில் வைப்பதை விட்டேன். பூசையறைக்கு வெளியே நாய்க்குரிய இடம் வரையறுத்தல் ஆசாரத்திற்குப் போதும்; அடித்தல் ஆசாரத்தின் உறுப்பன்று.

அதன்பின் சில நாள் கழித்துப் பேத்தி ஒரு வினா எழுப்பினாள். பட்டினத்தடிகளின் மாணாக்கராகிய பத்திரகிரியார் வரலாற்றை அவளுக்குக் கூறிக்கொண்டிருந்தேன். அரசு துறந்து வந்த அவர் திருவிடைமருதூர் மேலைவாயிலில் இருந்து பிச்சை ஏற்றுக் குருவை ஊட்டி, எஞ்சியதைத் தாம் உண்பார். பெட்டை நாயொன்று வந்து அவர் எச்சில் உண்டு அவரோடே தங்கிற்று. இறைவன் இரவலனாய்க் கீழைவாயிலில் அடிகளிடம் வந்து உணவு கேட்க, 'யான் ஒன்றுமில்லாதவன். மேலைவாயிலில் ஒரு சம்சாரி இருக்கின்றான். அவனிடஞ் செல்க' என்றார் அடிகள். சோற்றோடும் நாயும் தம்மைச் சம்சாரி ஆக்கின என்று நாணிய பத்திரகிரியார், ஓட்டை நாயின்மேல் எறிந்தார்; அது தலையுடைந்து இறந்தது. பின்னர்க் காசியரசன் மகளாய்ப் பிறந்து மீண்டும் அவரை நாடி வந்து, அவரோடு வீடு பெற்றது. செவிவழி வந்த வரலாறு இது. நாற்பது ஆண்டு யான் இதனை மேடைகளிற் கூறியிருக்கின்றேன், சம்சாரி என்னும் இடத்தில் அவையோர் நகைப்பர், யானும் நகைப்பேன்.

பேத்தி நகைக்கவில்லை. "ஓட்டை எறிந்தது சரி, தாத்தா. நாயின்மேல் ஏன் எறிந்தார்? அது என்ன செய்தது?" என்றாள். நாற்பதாண்டில் இவ்வினாவை ஒருவரும் கேட்டிலர். யானும் என்னைக் கேட்டுக்கொண்டிலேன். அன்று விடையின்றி இருந்தேன். பின்னர்ப் பலநாள் எண்ணித் தெளிந்ததை இங்கே கூறுகின்றேன்.

பற்று என்பது நாயினிடத்தும் இல்லை, ஓட்டினிடத்தும் இல்லை. 'என்னுடையது' என்னும் எண்ணத்தில் உளது. அவ்வெண்ணமே உடைபடற்பாலது, உடைபட்டதோ நாயின் தலை. வரலாறு அவ்வளவில் முடியவில்லை என்பதனை நோக்குமின். துறவிக்குத் தடை என்று எறியப்பட்ட அந்நாயே அரசன் மகளாகிய பின்னும் அவரைத் தேடி வந்தது. எறிந்தவரைவிட்டு அது நீங்கவில்லை. அடியாரது எச்சிற்சோறு உண்ட உயிர் வீடு பெற்றதென்று முடித்தவர், அந்நாயைத் தடையென்று கருதினாரல்லர் என்பது தெளிவு. கைவிட்ட பின்னரும் கைவிட்டவரை நாடுதல் நாயின் இயல்பு. வாயிற்கம்பியிற் கட்டப்பட்டது பதினான்கு மாதம் எதிர்பார்த்திருந்ததும் அதனாலேயே.

மேலும், துறவிக்குக் கூறிய விதியை இல்லறத்தான் தனக்கு ஏற்றவிடத்து மட்டும் எடுத்துக்கொள்ளுதல் முறையன்று. வீடும் நிலமும் வங்கிக் கணக்கும் வைத்துக்கொண்டு, வாயிலில் நிற்கும் நாயை மட்டும் பற்று என்று துரத்துவான் துறவியாகான். இரக்கமில்லாத சம்சாரி ஆவான். ஓட்டை வைத்துக்கொண்டு நாயை எறிபவன் அவன்.

இறைவன் பக்குவம் நோக்கியன்றோ அருள்கின்றான். நாமும் தக்கதனையே தேர்ந்து ஏற்றல் முறையன்றோ எனின், அன்று. மலம் பரிபாகமடையுங்காறும் இறைவன் அப்பாற் சென்று காத்திருப்பானல்லன். உயிர் தன்னை அறியாத நிலையிலும் மறைப்பாற்றலாய் உடன்நின்று அதனைப் பக்குவப்படுத்துகின்றவன் அவனே. ஒருபுடை ஒப்புமையாற் கூறின், அஞ்சிய நாயின் அருகே பேசாது அமர்ந்து, தொடாது, உணவு வைத்து, அது தானே வருங்காறும் நாட்களைக் கழித்தல் எத்தகையது என்று அதனைச் செய்தவர் அறிவர். முதன் மூன்று நாளில் அச்சம் சிறிது தணியும், மூன்று கிழமையில் வீட்டின் ஒழுங்கு விளங்கும், மூன்று திங்களில் இது தன் வீடென்று தெளியும் எனப் பழகியோர் கூறுவர். சில நாய்க்கு மிகுதியும் வேண்டும். அந்நாட்களிற் பொறுமை கற்பது நாய் மட்டும் அன்று.

சைவ உணவினர்க்கு எழும் ஐயம் ஒன்றையும் ஈண்டு நீக்குதல் நன்று. புலால் இல்லாத வீட்டில் நாய் வாழுமோ என்பர். மனிதரோடு வாழ்ந்த நெடுங்காலத்தில் ஓநாயினும் நாய்க்குத் தானிய உணவைச் செரிக்கும் ஆற்றல் மிகுந்துள்ளது என்று 2013-இல் சுவீடன் நாட்டு ஆராய்ச்சியாளர் கண்டனர். எனினும், தயிர்ச்சோறு மட்டும் இட்டு அமைதல் போதாது. மருத்துவர் வகுத்தவாறு புரதமும் பிற சத்தும் குறையாது சேர்த்தல் வேண்டும். வெங்காயம், பூண்டு, திராட்சை, சாக்கலேட்டு இவை அதற்கு நஞ்சு. உலர்ந்த திராட்சை கிடக்கும் சருக்கரைப் பொங்கலைத் திருவமுது என்று அன்பால் இடுதலும் தீங்காய் முடியும். அன்பு அறியாமையோடு கூடிற் கொலையாம்.

இதனாற் குட்டி வளர்ப்பாரை யான் இகழ்ந்தேன் என்று கொள்ளற்க. தெருவிற் பிறந்து தாயை இழந்த குட்டிக்கும் அடைக்கலம் வேண்டும். அதனை எடுத்து வளர்த்தலும் அருளேயாம். யான் மறுப்பது, பொம்மை போல விலைக்கு வாங்கிக் குட்டிமை கழிந்தபின் தெருவில் விடுதலை. காப்பகத்துக் கிடக்கும் வளர்ந்த நாய்களிற் பல, ஒருகால் யாரோ ஆசையோடு எடுத்த குட்டிகளே. தக்க காரணமின்றி விலங்கைப் பசியாலும் நீர்வேட்கையாலும் துன்புறுமாறு கைவிடுதல் 1960-ஆம் ஆண்டுச் சட்டப்படியே குற்றமாகும். அச்சட்டம் பிறத்தற்குப் பெரிதும் உழைத்தவர் கலாக்ஷேத்திரத்தை நிறுவிய உருக்குமிணிதேவியார் என்பது நம் நாட்டிற்குப் பெருமை. 2025-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில், தில்லித் தெருநாய்களையெல்லாம் காப்பகங்களில் அடைக்க உச்சநீதிமன்றம் ஆணையிட்டதும், பதினொரு நாட்குப்பின் அவ்வாணையை மாற்றியதும் நாடெங்கும் பூசல் விளைத்தன. நாய்கடித்த குழந்தையின் துன்பமும் துன்பமே. அடிபட்ட நாயின் துன்பமும் துன்பமே. இரண்டும் குறைதற்கு வழிகளுள் ஒன்று, தெருவில் விடப்படுவன குறைந்து, வீடு பெறுவன மிகுதலாகும்.

எம் நாய்க்கு முன்னை வீட்டார் ஒரு பெயர் இட்டிருப்பர். அதனை யாரும் அறியார். பேத்தி பல பெயர்களைச் சொல்லி அழைத்துப் பார்த்தாள். ஒன்றற்கும் அது காது நிமிர்த்தவில்லை. பத்திரகிரியார் வரலாற்றைக் கேட்டபின் "காசி" என்று அழைக்கத் தொடங்கினாள். இரண்டு திங்களில் அப்பெயர்க்கு வாலாட்டக் கற்றுக்கொண்டது. சென்ற திங்கள் அவர்கள் இருவரோடும் திருவிடைமருதூர் சென்றிருந்தேன். மகள் காசியோடு வீதியில் நிற்க, யானும் பேத்தியும் மேலைவாயிலில் உள்ள பத்திரகிரியார் திருமுன் நின்றோம். குழந்தை கைகூப்பி, "நாங்கள் எறியமாட்டோம்" என்று மெல்லச் சொன்னாள். யான் அன்றுதான் மீண்டும் என்னை நாயேன் என்று சொல்லிக்கொள்ள வாய் திறந்தேன்.

அன்பர்காள்! உங்கள் இல்லத்தில் இடமும் வருவாயும் பொறுமையும் உளவாயின், வீட்டார் அனைவரும் உடன்படின், ஒருமுறை குட்டிகளின் கூட்டைக் கடந்து அப்பாற் சென்று பாருங்கள். எழுந்து வராத ஒன்று அங்கே கிடக்கும். அது நம்மைத் தேர்ந்துகொள்ளாது. ஒருவர் தேர்ந்துகொள்வார் என்னும் நம்பிக்கையை இழந்திருக்கும். நம்மையும் இறைவன் நம் தகுதி கண்டு எடுத்தானல்லன் என்பதனை நினைந்து, அதன் அருகே சிறிது நேரம் அமர்ந்திருங்கள்.

திருச்சிற்றம்பலம்